நீரிழிவு என்ற ஒரே சொல்லில் இரண்டு நோய்கள்: தமிழில் மருத்துவம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மருத்துவக் கலைச்சொற்களை வகுப்போர், நோயாளியின் கையில் கொடுக்கப்படும் விளக்கத் தாள்களை எழுதுவோர், பாடநூல்களுக்கும் களஞ்சியங்களுக்கும் நோய்களைப் பற்றிக் கட்டுரை வரைவோர் ஆகிய உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். என் தங்கை மகளுக்கு 11 வயதில் மூளையின் அடிப்பகுதியில் வளர்ந்திருந்த கட்டி ஒன்றை அறுவை செய்து அகற்றினார்கள். கட்டி போயிற்று, அது இருந்த இடத்துக்கு அருகில் இருந்த நரம்புகளும் கெட்டுப்போயின. அன்றிலிருந்து அவளுடைய உடலால் தண்ணீரைத் தனக்குள் நிறுத்தி வைக்க முடியவில்லை. ஆங்கில மருத்துவம் இந்த நிலைக்கு நெடுங்காலமாக டயாபெட்டீஸ் இன்சிபிடஸ் என்று பெயர் சொல்லி வந்திருக்கிறது. தமிழில் இதை வெல்லமில்லா நீரிழிவு என்றும், இன்சிபிடஸ் நீரிழிவு என்றும், பல நேரங்களில் வெறுமனே நீரிழிவு என்றும் எழுதுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, முற்றிலும் வேறொரு காரணத்துக்காக அவளை ஒரு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. சேர்க்கைப் படிவத்தில் 'நீரிழிவு நோய் உண்டா?' என்று ஒரு கேள்வி அச்சிடப்பட்டிருந்தது. அவளுடைய தந்தை 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். அந்த ஒரு குறியினால் அன்றிரவு அவளுக்குச் சர்க்கரை நோயாளிக்கான உணவு வந்தது. இரண்டு மணிக்கொரு முறை விரல்நுனியில் குத்திச் சர்க்கரை அளந்தார்கள். அது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்ததனால் எல்லாம் நலமாக இருப்பதாக முடிவு செய்தார்கள். அவள் ஓயாமல் தண்ணீர் கேட்பதை மட்டும் அடம் என்று எண்ணி, மறுநாள் சிகிச்சைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கூஜாவை எடுத்துச் சென்றார்கள். விடியும்போது அவளுடைய இரத்தச் சோடியம் 158ஐத் தொட்டிருந்தது. இயல்பான அளவு 135 முதல் 145 வரை. நல்லவேளையாக அந்நேரத்தில் பணிக்கு வந்த ஒரு மருத்துவர் அவளுடைய பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தார். அங்கிருந்த எவரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படிவத்தில் இருந்த சொல் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமோ அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இழிதல் என்றால் கீழ்நோக்கி இறங்குதல், வழிதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்று பழந்தமிழில் சொல்வதுண்டு. ஆக, நீர் இழிந்து போவது நீரிழிவு. சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தால் என் தங்கை மகளின் நோய்க்கே அது முழுமையாகப் பொருந்துகிறது. சர்க்கரை நோயில் நீர் இழிவது ஒரு பின்விளைவு. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நோய்க்கு மதுமேகம் என்ற பெயரும் இருக்கிறது. தேன் போன்ற சிறுநீர் என்பது அதன் பொருள். நோய்க்கு மிகத் துல்லியமான பெயர். கிரேக்கச் சொல்லான டயாபெட்டீசும் ஊடாகப் பாய்ந்து வெளியேறுவதையே குறித்தது. 1674ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். பிறகு வந்தவர்கள் இனிக்கும் சிறுநீருக்குத் தேனைக் குறிக்கும் இலத்தீன் அடைமொழியையும், சப்பென்றிருக்கும் சிறுநீருக்குச் சுவையற்றது என்ற அடைமொழியையும் சேர்த்தார்கள். இரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் நாக்கினால் பிரித்த பிரிவு இது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை மிகுதியான சிறுநீரும் மிகுதியான தாகமும் மட்டுமே. காரணங்களில் ஏறத்தாழ எதுவும் பொதுவில்லை.

இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தக் காரணங்களின் கதிதான். அவளுக்காக நான் தேடிப் படித்த தமிழ் விளக்கத் தாள் ஒன்று இந்நோயின் காரணங்களாக உடல் பருமன், பரம்பரை, மன அழுத்தம், உடற்பயிற்சிக் குறைவு ஆகியவற்றைப் பட்டியலிட்டிருந்தது. எழுதியவர் சர்க்கரை நோயைப் பற்றிய வேறொரு தாளிலிருந்து அந்தப் பகுதியை எடுத்திருக்க வேண்டும். இன்னொன்று 'ஹார்மோன் குறைபாடு' என்ற இரண்டு சொற்களோடு காரணத்தை முடித்துக்கொண்டது. முதலாவது பெரும்பாலும் பொய், இரண்டாவது அரை உண்மை. ஹார்மோன் தாராளமாகச் சுரந்துகொண்டிருக்கும்போதே இந்நோயினால் அவதிப்படுவோர் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தாளைப் படிப்பவர் அறிய வழியில்லை.

நீர் உடலில் நிற்பதற்கு ஒரு தொடர் ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தொடர் எந்த இடத்தில் அறுந்தது என்பதே இந்நோயின் காரணம். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி எந்த ஆணைக்கும் காத்திராமல் சிறுநீரகக் குழல்களிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கடைசிக் கட்டமான சேகரிப்பு நாளத்துக்கு வந்து சேரும் ஏறத்தாழ 20 லிட்டர் மட்டும் ஓர் ஆணைக்காகக் காத்திருக்கிறது. அந்த ஆணையைக் கொண்டு வருவது வாசோபிரசின். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சிறிய ஹார்மோன் மூளையின் ஹைப்போதலாமசில் உள்ள நரம்பணுக்களில் உருவாகி, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை மூளையோடு இணைக்கும் தண்டு வழியாக இறங்கி, அந்தச் சுரப்பியின் பின்மடலில் சேமித்து வைக்கப்படுகிறது. இரத்தம் சற்றே செறிவடைந்தாலும் அதை உணரும் உயிரணுக்கள் மூளையில் இருக்கின்றன. அவை தூண்டியதும் வாசோபிரசின் இரத்தத்தில் கலந்து, சேகரிப்பு நாளத்தின் அணுக்களில் வி2 என்னும் ஏற்பியைப் பற்றுகிறது. உடனே அந்த அணுக்களுக்குள் இருக்கும் அக்குவாபோரின்-2 என்னும் நீர்வாயில்கள் மேற்பரப்புக்கு நகர்ந்து திறக்கின்றன. நீர் உடலுக்குத் திரும்புகிறது. நீர்வாயில்கள் இருப்பதைக் கண்டறிந்ததற்காகவே பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வாசோபிரசினைச் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோ அதே துறையில் 1955இலேயே பரிசு பெற்றிருந்தார். ஆணை வராவிட்டாலும், வந்த ஆணை கேட்கப்படாவிட்டாலும் அந்த 20 லிட்டரில் பெரும்பகுதி வெளியே போய்விடும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழித்தாலே மருத்துவர்கள் அதை மிகைச் சிறுநீர் என்கிறார்கள். இந்நோய் முற்றியவர்களிடம் அது 15 லிட்டரையும் தாண்டும்.

தொடரின் முதல் கண்ணி மூளை. இங்கே நேரும் சேதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நோயின் பெயரைக் கேட்டு உணவைச் சந்தேகிக்கும் குடும்பங்கள் மூளையை நினைத்துப் பார்ப்பதே இல்லை. குழந்தைகளிடமும் இளையோரிடமும் முதலில் தேட வேண்டியவை பிட்யூட்டரித் தண்டை ஒட்டி வளரும் கட்டிகள். கிரேனியோஃபேரிஞ்சியோமா அவற்றில் ஒன்று, ஜெர்மினோமா மற்றொன்று. வளர்ந்தவர்களிடம் மார்பகத்திலோ நுரையீரலிலோ தொடங்கிய புற்றுநோய் பரவி இந்த இடத்தில் வந்து தங்குவதுண்டு. ஆனால் பிட்யூட்டரியின் முன்மடலில் உருவாகும் சாதாரணக் கட்டிகள், எவ்வளவு பெரிதானாலும், அறுவைக்கு முன் இந்நோயை உண்டாக்குவது அரிது. ஆகவே பிட்யூட்டரிக் கட்டி என்று சொல்லப்படும் ஒருவர் தொடக்கத்திலேயே அளவின்றித் தண்ணீர் குடித்தால், அந்தக் கட்டி வேறு வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் ஐயப்படுகிறார்கள். 'பிட்யூட்டரிக் கோளாறு' என்ற ஒரே சொல்லில் எழுதி முடித்தால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

அறுவையும் தலைக்காயமும் அடுத்த பெரிய காரணங்கள். தண்டு அறுந்தபின் சிலருக்கு நோய் மூன்று கட்டங்களாக வருகிறது என்பதை எந்தத் தமிழ்த் தாளிலும் நான் கண்டதில்லை. முதல் சில நாட்களில் நரம்பணுக்கள் அதிர்ச்சியில் செயலிழந்து சிறுநீர் வெள்ளமாகப் போகிறது. அடுத்து, சாகும் நரம்பு முனைகள் தம்மிடம் சேமித்திருந்த வாசோபிரசினைக் கட்டுப்பாடின்றிக் கொட்டுகின்றன. அப்போது சிறுநீர் குறைந்து, உடலில் நீர் தேங்கி, சோடியம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். குடும்பத்தார் 'குணமாகிவிட்டது' என்று மகிழ்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நாங்களும் மகிழ்ந்தோம். சேமிப்பு தீர்ந்ததும் மூன்றாம் கட்டமாக நோய் நிலையாகத் திரும்பி வந்தது. எல்லோருக்கும் மூன்றும் வருவதில்லை. பலருக்கு முதல் கட்டத்தோடு நின்று, சில நாட்களில் எல்லாம் சீராகிவிடும். ஏனென்றால் வாசோபிரசினை ஆக்கும் நரம்பணுக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அழிந்தால்தான் நோய் வெளியே தெரியும். எஞ்சியிருக்கும் சில அணுக்களே உடலைக் காப்பாற்றப் போதுமானவை.

கார்ட்டிசால் என்னும் அட்ரீனல் ஹார்மோனின் குறைவும் இதோடு சேர்ந்து வரலாம். பிட்யூட்டரியின் முன்மடலும் கெட்டிருந்தால் அட்ரீனல் சுரப்பிக்கு ஆணை போகாமல் கார்ட்டிசால் குறையும். கார்ட்டிசால் குறைந்த உடலால் நீரைச் சரிவர வெளியேற்ற முடியாது என்பதால், அந்தக் குறை இந்நோயை மறைத்து வைத்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சிறுநீர் திடீரென்று பெருகும். மாத்திரைதான் புதிய நோயைக் கொடுத்துவிட்டது என்று எண்ணி அதை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. உண்மையில் மாத்திரை ஏற்கனவே இருந்த ஒன்றின் மீதிருந்த திரையை விலக்கியிருக்கிறது, அவ்வளவே. உயிர் காக்கும் மருந்து வீணாகப் பழி சுமக்காமலிருக்க இந்த ஒரு பத்தியையாவது உங்கள் தாள்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடலின் எதிர்ப்பாற்றல் தவறிப்போய்ப் பிட்யூட்டரித் தண்டையும் பின்மடலையும் தாக்கி வீங்கச் செய்வதும் உண்டு. லாங்கர்ஹான்ஸ் அணு ஹிஸ்டியோசைட்டோசிஸ், சார்காய்டோசிஸ், காசநோய் போன்றவை தண்டில் ஊடுருவித் தடிக்கச் செய்யலாம். மூளைக்காய்ச்சல், இரத்தக்குழாய்ச் சேதம், பிள்ளைப்பேற்றின்போது ஏற்படும் பெரும் இரத்தப்போக்கு ஆகியவையும் காரணமாகலாம். இவை எல்லாவற்றையும் ஆராய்ந்த பிறகும் கணிசமானோரிடம் எந்தக் காரணமும் புலப்படாது. அப்போது 'காரணம் அறியப்படாத வகை' என்று எழுதுகிறார்கள். அதைத் தமிழில் 'காரணமில்லாமல் வருவது' என்று பெயர்ப்பது பெரும் பிழை. இன்று எடுத்த ஸ்கேனில் தண்டு சற்றே தடித்திருப்பதாக மட்டும் தெரிந்து, பல மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து அதே இடத்தில் ஜெர்மினோமா தலைகாட்டுவதுண்டு. 'காரணமில்லை' என்று படித்த பெற்றோர் அடுத்த ஸ்கேனுக்கு ஏன் போகப் போகிறார்கள்?

பரம்பரை என்ற காரணத்தையும் பிரித்து எழுத வேண்டும். மூளை சார்ந்த பரம்பரை வகையில், பழுதான மரபணுப் படி ஒன்று இருந்தாலே போதும். அது ஆக்கும் வாசோபிரசின் முன்னோடிப் புரதம் சரியாக மடியாமல் நரம்பணுவுக்குள்ளேயே தேங்கி, மெல்ல மெல்ல அந்த அணுவையே கொன்றுவிடுகிறது. அதனால்தான் பிறந்தபோது நலமாக இருந்த குழந்தைக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் தொடங்குகிறது. வுல்ஃப்ரம் கூட்டறிகுறி என்ற மிக அரிய மரபுநோயோ இன்னும் விநோதமானது. அதில் சர்க்கரை நோய், பார்வை நரம்புச் சிதைவு, காது கேளாமை ஆகியவற்றோடு இந்நோயும் ஒருவருக்கே வந்து சேர்கிறது. இரண்டு 'நீரிழிவு'களையும் ஒரே சொல்லால் எழுதும் நம் தமிழில் அந்த நோயாளியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக எழுத முடியாது; முயன்று பாருங்கள்.

இனித் தொடரின் மறுமுனையான சிறுநீரகம். இங்கே ஹார்மோன் வருகிறது, பெரும்பாலும் இயல்பைவிட அதிகமாகவே வருகிறது. சிறுநீரகம் அதை ஏற்றுச் செயல்படுவதில்லை. வளர்ந்தவர்களிடம் இதற்கு முதன்மையான காரணம் லித்தியம். இருதுருவ மனநோய்க்குப் பல ஆண்டுகளாகத் தரப்படும் இந்த மருந்து, சோடியம் நுழையும் வாயில் வழியாகவே சேகரிப்பு நாளத்தின் அணுக்களுக்குள் புகுந்து தேங்கி, அக்குவாபோரின்-2 உருவாவதைக் குறைத்துவிடுகிறது. தொடக்கத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலும் மீளலாம். பல்லாண்டுகள் கடந்தபின் சிலருக்கு மருந்தை நிறுத்தினாலும் மீள்வதில்லை. ஆனால் இதை எழுதும் கை நடுங்க வேண்டும். 'லித்தியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், அதைப் படித்து மருந்தைத் தானே நிறுத்திவிடும் மனநோயாளிக்கு நேரக்கூடியது இந்நோயைவிடக் கொடியது. மருந்தைத் தொடர்ந்தபடியே சிறுநீரைக் குறைக்க அமிலோரைடு போன்ற வழிகள் மருத்துவரிடம் உண்டு என்பதையும், தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது என்பதையும் அதே பத்தியில் எழுதுவது நம் கடமை.

இரத்தத்தில் கால்சியம் மிகுவதும், பொட்டாசியம் நெடுநாள் குறைந்திருப்பதும் சிறுநீரகத்தைச் செவிடாக்குகின்றன. இவற்றைச் சரிசெய்தால் பெரும்பாலும் நிலைமை சீராகும். டெமெக்ளோசைக்ளின், ஆம்ஃபோட்டெரிசின் பி போன்ற மருந்துகளும் இந்தப் பட்டியலில் அடங்கும். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டு சிறுநீரகம் வீங்கியவர்களுக்கு அடைப்பை நீக்கியபின் சிறுநீர் பெருக்கெடுப்பதுண்டு.

பிறவியிலேயே சிறுநீரகம் ஆணையை ஏற்காமலிருப்பது அரிது. ஆனாலும் அதன் விளைவு மிகக் கடுமையானது. இத்தகையோரில் பத்தில் ஒன்பது பேரிடம் பழுது வி2 ஏற்பியின் மரபணுவில் இருக்கிறது. அது எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே. தாய் அதைச் சுமந்து வந்திருப்பார், அவருக்கே தெரியாமல். எஞ்சியோரில் பெரும்பாலோரிடம் அக்குவாபோரின்-2இன் மரபணு பழுதாகியிருக்கும்; அங்கே ஆண் பெண் வேறுபாடில்லை. கைக்குழந்தைக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாது. காரணமின்றி வரும் காய்ச்சல், வாந்தி, மலச்சிக்கல், எடை ஏறாமை, ஓயாத அழுகை ஆகியவையே அதன் மொழி. திரும்பத் திரும்ப உடல் வறண்டு சோடியம் ஏறினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். உடல் பருமனைக் காரணமாகச் சொன்ன அந்த விளக்கத் தாளை எடை ஏறாத குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய் படிப்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக ஓர் இடத்தில் ஆணை வழியிலேயே அழிக்கப்படுகிறது. அது கருவுற்ற காலத்தில் மட்டும் நடப்பது. நச்சுக்கொடி ஆக்கும் வாசோபிரசினேஸ் என்ற நொதி, தாயின் இரத்தத்தில் ஓடும் வாசோபிரசினைச் சிதைக்கிறது. எல்லாத் தாய்மாருக்கும் இந்த நொதி சுரந்தாலும், பிட்யூட்டரி கூடுதலாக ஹார்மோனைத் தந்து ஈடுகட்டிவிடும். நச்சுக்கொடி பெரிதாக இருக்கும் இரட்டைக் கருவிலும், நொதியை இரத்தத்திலிருந்து நீக்கும் கல்லீரல் கெட்டிருக்கும்போதும் அந்த ஈடு போதாமல் போகிறது. ஆகவே கருவுற்ற கடைசி மாதங்களில் அளவு மீறிய தாகம் வந்தால் கல்லீரலையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். வாசோபிரசினின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரசின் என்ற செயற்கை மருந்தை இந்த நொதியால் எளிதில் சிதைக்க முடியாது என்பதால் அது பயன் தருகிறது; பிள்ளை பிறந்து சில வாரங்களில் நோய் தானே அடங்கிவிடும். கருக்காலத்தில் வரும் சர்க்கரை நோயோடு இதற்கு எந்த உறவும் கிடையாது. 'கர்ப்பகால நீரிழிவு' என்ற சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம் என்பது நம்முடைய பெருந்தன்மை.

இன்னொரு நிலையையும் காரணங்களோடு சேர்த்து எழுதியாக வேண்டும், அது கண்டிப்பான பொருளில் இந்நோய் அல்ல என்றாலும். சிலர் அளவின்றித் தண்ணீர் குடிப்பதனாலேயே அளவின்றிச் சிறுநீர் கழிக்கிறார்கள். மனநோயினாலோ, பழக்கத்தினாலோ, மூளையில் தாகத்தை அளக்கும் இடம் பழுதானதாலோ இது நேரலாம். இப்படியே நெடுநாள் நடந்தால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் இருக்க வேண்டிய உப்புச் செறிவு கரைந்து, சிறுநீரைச் செறிவாக்கும் திறனும் மங்கிவிடுகிறது. வெளிப்பார்வைக்கு உண்மையான நோய்க்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. இவர்களுக்கு டெஸ்மோபிரசின் கொடுத்தால், குடித்த நீரெல்லாம் உள்ளேயே தங்கிச் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். முற்றிலும் எதிரான நிலையிலும் ஒரு சிலர் இருக்கிறார்கள்: வாசோபிரசினோடு தாக உணர்வும் சேர்ந்து அழிந்துபோனவர்கள். நீர் கொட்டிக்கொண்டே இருக்கும், குடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றாது. தாகம் என்பது இந்நோயின் துன்பம் என்றுதான் நாம் எழுதுகிறோம். நோயாளியை உயிரோடு வைத்திருப்பதே அந்தத் தாகம்தான் என்பதை இவர்களைப் பார்த்தே நான் அறிந்தேன்.

காரணத்தைப் பிரித்தறியும் சோதனைகளைப் பற்றி இரண்டு சொற்கள். பல மணிநேரம் தண்ணீரை நிறுத்திச் சிறுநீர் செறிவடைகிறதா என்று பார்த்து, பிறகு டெஸ்மோபிரசின் கொடுத்து மாற்றத்தை அளப்பது பழைய முறை. வாசோபிரசினோடு சேர்ந்தே வெளிவரும் கோபெப்டின் என்ற துண்டை அளப்பது புதிய முறை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, செறிவான உப்புநீரை ஏற்றிக் கோபெப்டினை அளந்தால் 96.5 விழுக்காட்டினரிடம் சரியான முடிவு கிடைத்ததாகவும், தண்ணீர் நிறுத்தும் சோதனையில் அது 76.6 விழுக்காடாக இருந்ததாகவும் காட்டியது. இரண்டையும் மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். வீட்டில் தண்ணீரை நிறுத்திப் பார்க்கலாம் என்று எந்தத் தமிழ் எழுத்தும் மறைமுகமாகக்கூடச் சொல்லிவிடக் கூடாது.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 2009இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இடுப்பெலும்பு அறுவைக்காகச் சேர்ந்திருந்த 22 வயது இளைஞர், இதே நோய்க்கான மருந்து தரப்படாமல், தண்ணீர் வேண்டிக் காவல்துறைக்கே தொலைபேசியில் பேசியும் பயனின்றி, உடல் வறண்டு இறந்தார். இந்நோயாளிகள் 1034 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில், 80 விழுக்காட்டினர் மருத்துவப் பணியாளர்களே தங்கள் நோயைச் சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்ட அனுபவத்தைச் சொன்னார்கள்; 85 விழுக்காட்டினர் பெயரை மாற்றுமாறு கேட்டார்கள். அதே ஆண்டில் பல நாடுகளின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கங்கள் இணைந்த குழு பழைய பெயரைக் கைவிடப் பரிந்துரைத்தது. மூளை சார்ந்ததை ஆர்ஜினின் வாசோபிரசின் குறைபாடு என்றும், சிறுநீரகம் சார்ந்ததை அந்த ஹார்மோனுக்குச் சிறுநீரகம் இணங்காத நிலை என்றும் அது பெயரிட்டது. பெயரிலேயே காரணம் அமைந்துவிட்டது என்பதுதான் இந்த மாற்றத்தின் சிறப்பு.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் உதவி வேண்டும். முதல் பெயருக்கு 'வாசோபிரசின் குறைபாடு' என்பதில் சிக்கலில்லை. இரண்டாவதை 'வாசோபிரசின் எதிர்ப்பு' என்று எழுதும் வழக்கம் தொடங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். எதிர்ப்பு என்றதும் நோய் எதிர்ப்பாற்றல் என்ற தொடரே தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வரும். அது இருக்க வேண்டிய நல்ல பொருள் என்று அவர் எண்ணிக்கொள்வார். சிறுநீரகம் எதையும் எதிர்க்கவில்லை, வந்ததை ஏற்க அதற்கு இயலவில்லை. ஆகவே 'வாசோபிரசின் ஏற்பின்மை' என்ற தொடரை முன்வைக்கிறேன். ஏற்பி என்ற கலைச்சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருப்பதால், பழுது இருக்கும் இடத்தையும் அது சுட்டிக்காட்டுகிறது. கருக்கால வகையை 'வாசோபிரசின் சிதைவு' என்று குறிக்கலாம். இவற்றைவிடச் சிறந்த சொற்கள் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். 'நீரிழிவு' என்ற சொல் அவற்றில் ஒட்டிக்கொண்டு வராமல் இருந்தால் போதும். பொருளுக்குப் பொருத்தமான சொல்லைச் சர்க்கரை நோய்க்கே விட்டுக்கொடுப்பதில் எனக்கும் சற்று வருத்தம்தான். ஆனால் மக்கள் நாவில் அது அங்கே வேரூன்றிவிட்டது.

மருத்துவமனைப் படிவங்களை வடிவமைப்போருக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. 'நீரிழிவு நோய் உண்டா?' என்ற கேள்வியைச் 'சர்க்கரை நோய் உண்டா?' என்று மாற்றுங்கள். அதன் கீழே இன்னொரு வரிக்கு இடம் கொடுங்கள்: 'வாசோபிரசின் குறைபாடு அல்லது ஏற்பின்மை உண்டா? இருந்தால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரையோ டெஸ்மோபிரசினையோ நிறுத்தக் கூடாது.' அந்த வரி அச்சாகும் வரை, என் தங்கை மகளின் பள்ளிப் பையில் இதே வாசகத்தை எழுதிய அட்டை ஒன்று இருக்கும். கையெழுத்து அவளுடையது. 'கூடாது' என்பதன் கீழ் இரண்டு கோடுகள் இட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு சிறுமியின் தாய்மாமன்